மேசை ஆடக் கூடாது, மரம் அசையலாம்

கொட்டகையில் போட்டுக்கொள்ள ஒரு தச்சு மேசையைத் தாங்களே செய்ய முனைந்த வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். பலர் அளவுப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது பதிலில் முழுதாகக் கொடுத்திருக்கிறோம். மரவாடியில் கேட்டு வாங்க வேண்டியதை அங்குலத்திலும், வெட்டிப் பொருத்த வேண்டியதை மி.மீட்டரிலும் எழுதியிருக்கிறோம். வாங்கும் 3 × 2 அங்குலச் சட்டம் இழைத்து முடிக்கும்போது 70 × 45 மி.மீ. ஆகிவிடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கொட்டகை 8 அடி அகலம், 10 அடி நீளம். எவ்வளவு பெரிய மேசை போடலாம்? உயரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

நீளம் 1800 மி.மீ., அகலம் 600 மி.மீ. போதும். அகலத்தை இதற்கு மேல் கூட்டினால் பின்னால் இருக்கும் கருவியை எடுக்க மேசைமேல் சாய வேண்டிவரும். எட்டாத அந்தப் பகுதியில் சாமான்தான் சேரும். 10 அடிச் சுவரின் ஓரமாக, ஆனால் சுவரில் முட்டாமல், முடிந்தால் ஜன்னலுக்குக் கீழே போடுங்கள். முன்னால் நிற்க 900 மி.மீ. இடம் விடுங்கள். நீண்ட பலகையை அறுக்கும்போது அது மேசையின் இரு முனையையும் தாண்டி நீளும். அதனால் மேசையை மூலையில் கொண்டுபோய் முட்ட வைக்க வேண்டாம்.

உயரத்துக்குப் பொது அளவு என்று ஒன்று கிடையாது. வேலை செய்யும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். கைகளைத் தொங்க விடுங்கள். மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து தரை வரை அளந்தால், எல்லா வேலைக்கும் நடுத்தரமாகப் பொருந்தும் உயரம் கிடைக்கும். நடுத்தர உயரமுள்ளவருக்கு இது 860 மி.மீ. அளவில் வரும். கை இழைப்புளி வேலைதான் அதிகம் என்றால் இன்னும் 50 மி.மீ. இறக்குங்கள். அப்போதுதான் தோளும் உடம்பின் எடையும் இழைப்புளிமேல் இறங்கும். மேசை உயர்ந்துவிட்டால் தள்ளுவதெல்லாம் முழங்கைதான், அரை மணியில் களைத்துப் போவீர்கள். இழைப்பு குறைவு, மின்துளைக் கருவியும் பொருத்து வேலையும்தான் அதிகம் என்றால் 50 முதல் 100 மி.மீ. ஏற்றலாம். சந்தேகமாக இருந்தால் உயரமாகவே செய்யுங்கள். காலை அறுத்துக் குறைப்பது எளிது, வளர்ப்பது கடினம்.

கேள்வி: என்ன மரம் வாங்குவது? மரம் காய்ந்திருக்கிறதா என்று கருவி இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

மேசைக்கு வேண்டியது எடையும் நேரான நார் ஓட்டமும்தான், அழகு இரண்டாம் பட்சம். பைன் போன்ற மென்மரத்திலும் நல்ல மேசை செய்யலாம். தேக்கு வளையாமல் நிற்கும் மரம், அதில் குறையில்லை. ஆனால் அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுக்கு இடைஞ்சல். ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து உடனே ஒட்ட வேண்டும். ரப்பர் மரம் கனமானது, இழைக்கவும் சுகமானது. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரத்தை வண்டு விடாது. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். வெளிறு, அதாவது வெளிப்பக்கத்து இளமரம், அதிகமாக இருந்தால் பூச்சிக்கு அதுதான் முதல் இலக்கு. மரத்தின் நடுத்தண்டு சட்டத்துக்குள் அடைபட்டிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அது காயும்போது நிச்சயம் வெடிக்கும்.

பழைய கட்டடத்திலிருந்து பிரித்த மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, அது காய வேண்டிய அளவு காய்ந்திருக்கும். காந்தத்தை நெடுக ஓட்டி, ஒடிந்த ஆணி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு இழையுங்கள்.

காய்ச்சலைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். சட்டத்தின் முனையிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு சிறு துண்டை வெட்டுங்கள். முனை முதலில் காய்ந்துவிடும் என்பதால் முனைத்துண்டு பொய் சொல்லும். அதை எடை போடுங்கள். பிறகு 100 டிகிரிக்குச் சற்று மேலான அடுப்புப் பெட்டியில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும் வரை காய விட்டு மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம். 560 கிராம் துண்டு 500 கிராமாக இறங்கினால் 12 சதவீதம். கொட்டகை மேசைக்கு 12 முதல் 15 சதவீதம் சரி. 20-ஐத் தாண்டினால் வேலையைத் தொடங்காதீர்கள். பச்சை மரம் திறந்த நிழலில் காய, அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அது இன்றும் ஏறக்குறையச் சரிதான்.

காய்ந்த மரமானாலும் வாங்கியதும் வெட்டாதீர்கள். இடையிடையே ரீப்பர் துண்டு வைத்து அடுக்கி, மேசை நிற்கப்போகும் கொட்டகையிலேயே இரண்டு வாரம் விடுங்கள். முறுக்கிக்கொள்ளும் சட்டம் எது என்று அந்த இரண்டு வாரத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதைக் குட்டைத் துண்டுகளுக்கு ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: நான்கு கால், சுற்றிலும் சட்டம், எல்லாவற்றையும் 3 அங்குல ஸ்குரூவால் முடுக்கினேன். செய்தபோது உறுதியாக இருந்தது. ஆறு மாதத்தில் இழைப்புளியைத் தள்ளும்போதெல்லாம் நீளவாக்கில் ஆடுகிறது. ஸ்குரூவை மறுபடி முடுக்கினாலும் நிற்கவில்லை. ஏன்? புதிதாகச் செய்வதானால் எப்படிச் செய்ய வேண்டும்?

ஸ்குரூமேல் பழி இல்லை. அதற்குத் தகாத வேலையைக் கொடுத்ததுதான் தவறு. இரண்டு மரத்தை நெருக்கிப் பிடிப்பதில் ஸ்குரூ கெட்டிக்காரன். பக்கவாட்டில் வரும் தள்ளலைத் தாங்குவதில் அது பலவீனம். இழைப்புளியின் ஒவ்வொரு தள்ளலும் மேசையின் உயரத்தை நெம்புகோலாகக் கொண்டு மூட்டில் இறங்குகிறது. ஸ்குரூவைச் சுற்றியுள்ள நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, வட்டத் துளை நீள்வட்டமாகிவிடுகிறது. சட்டத்தின் வெட்டுமுகத்தில், அதாவது குறுக்கே அறுத்த முனையில், ஏறிய ஸ்குரூவுக்கு நாரின் பிடியும் குறைவு. அதற்குப் பிறகு முடுக்குவதில் பயனில்லை.

இருக்கும் மேசையைக் காப்பாற்ற வழி உண்டு. பின் கால்கள் இரண்டுக்கும் இடையே, மேசைத் தளத்துக்குக் கீழே 400 மி.மீ. ஆழத்துக்கு 12 மி.மீ. ப்ளைவுட் ஒன்றைப் பசை தடவி, 150 மி.மீ.க்கு ஒரு ஸ்குரூ வீதம் அடித்துவிடுங்கள். நாற்கரமாகச் சட்டம் கோணிக்கொள்ளும், தகடு கோணாது. நீளவாட்டு ஆட்டம் அன்றே நிற்கும். அகலவாக்கிலும் ஆடினால் இரண்டு பக்கத்திலும் இதையே செய்யுங்கள். சுவரோடு போல்ட் போட்டு இணைத்துவிடுவதும் ஒரு வழிதான், ஆனால் பிறகு மேசையை நகர்த்த முடியாது.

புதிதாகச் செய்பவர்களுக்கு எங்கள் யோசனை இது. பாரத்தைத் தோள் தாங்கட்டும். அதாவது ஒரு மரம் இன்னொரு மரத்தின்மேல் உட்கார வேண்டும், ஸ்குரூவில் தொங்கக் கூடாது. நாக்கு-துளைப் பொருத்து செய்யத் தெரிந்தவர்கள் அதையே செய்யுங்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. உளியால் துளை பொளிந்து பழக்கமில்லாதவர்கள், ஒட்டியே துளையை உண்டாக்கலாம்.

860 மி.மீ. உயர மேசைக்குத் தளம் 70 மி.மீ. போக, காலின் உயரம் 790. ஒவ்வொரு காலும் 70 × 45 சட்டம் இரண்டை முகத்தோடு முகம் ஒட்டியது. ஆகவே காலின் கனம் 90 × 70. வெளிச்சட்டம் 790 மி.மீ. முழு நீளம். உள்சட்டம் ஒரே துண்டல்ல: அடியில் 150 மி.மீ. துண்டு, பிறகு 70 மி.மீ. இடைவெளி, அதன்மேல் 500 மி.மீ. துண்டு, உச்சியில் மறுபடி 70 மி.மீ. இடைவெளி. 520 மி.மீ. நீளக் குறுக்குச் சட்டங்கள் இந்த இடைவெளிகளில் படுத்து, முன்காலையும் பின்காலையும் இணைக்கும். இப்படி இரண்டு பக்கச் சட்டகங்கள்.

இடைவெளியை அளவுகோலால் அளந்து விடாதீர்கள். குறுக்குச் சட்டத்தின் ஒரு வெட்டுத் துண்டையே இடையில் வைத்து, பசை ஒட்டாமலிருக்க அதைப் பிளாஸ்டிக் டேப்பால் சுற்றி, அதை நெருக்கி உள்துண்டுகளை ஒட்டுங்கள். காய்ந்ததும் துண்டைத் தட்டி எடுத்துவிடலாம். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் குறுக்குச் சட்டம் உள்ளே போக வேண்டும். கையால் தள்ளியே போய்விட்டால் தளர்வு, ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளக்கும். பசை, அதோடு மூட்டுக்கு இரண்டு 70 மி.மீ. ஸ்குரூ. இரண்டையும் ஒரே நார்க்கோட்டில் போடாமல் கோணலாகப் போடுங்கள். பசை காயுமுன் சட்டகத்தின் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 946 மி.மீ. அளவில், ஒன்றுக்கொன்று 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டு பக்கச் சட்டகங்களையும் இணைப்பவை நெட்டுச் சட்டங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நீளவாட்டு ஆட்டத்தை நிறுத்துவது இவைதான். அதனால் இங்கே கஞ்சத்தனம் கூடாது. 6 × 2 அங்குலப் பலகையிலிருந்து 145 × 45 மி.மீ., நீளம் 1220. இவற்றின் முனை காலின் உள்முகத்தில் முட்டி நிற்கும், கீழ்க் குறுக்குச் சட்டத்துக்குச் சற்று மேலே. முனைக்கு இரண்டு M12 போல்ட், 200 மி.மீ. நீளம், மேலும் கீழும் 65 மி.மீ. இடைவெளியில். போல்ட் காலைக் கடந்து நெட்டுச் சட்டத்தின் வெட்டுமுகத்துக்குள் 75 மி.மீ. ஓடி, அங்கே உட்பக்கமாக வெட்டிய 40 மி.மீ. நீள, 30 மி.மீ. உயரக் குழிக்குள் வெளிவர வேண்டும். குழியில் வாஷரும் நட்டும். வெளியே போல்ட் தலைக்கும் பெரிய வாஷர். குழியின் ஆழம் 35 மி.மீ. போதும், பலகையைத் துளைத்துக்கொண்டு வெளிமுகத்துக்கு வர வேண்டாம்.

துளை 13 மி.மீ. முதலில் காலில் மட்டும் போடுங்கள். பிறகு நெட்டுச் சட்டத்தை அதன் இடத்தில் கிளாம்பால் பிடித்து, காலின் துளையையே வழிகாட்டியாக வைத்துத் துளையைத் தொடருங்கள். இரண்டையும் தனித்தனியாக அளந்து துளைத்தால் சேராது. நட்டு இருக்கும் மூட்டில் பசை வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் மரம் மேலும் காய்ந்து சுருங்கும்போது ஸ்பேனரால் ஒருமுறை இறுக்கினால் மேசை மறுபடி கல்போல் நிற்கும்.

காலின் முன்முகம், நெட்டுச் சட்டத்தின் முன்முகம், தளத்தின் முன்விளிம்பு மூன்றும் ஒரே தளத்தில் இருக்கட்டும். கதவுப் பலகை போன்ற பெரிய துண்டை நிறுத்தி வைத்துக் கிளாம்ப் போட அது உதவும்.

இனி மரத்தின் அளவு. தளத்துக்கு 1900 மி.மீ. நீளத்தில் 13 சட்டங்கள் (45 மி.மீ. முகம் மேலே வர ஒட்டினால் அகலம் 585 மி.மீ.). கால்களின் வெளிச்சட்டம் 4, உள்துண்டுகள் 150-இல் 4, 500-இல் 4, குறுக்குச் சட்டம் 520-இல் 4. கூட்டினால் 3 × 2 அங்குலச் சட்டம் 33 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணுவும் வெடிப்பும் போக 120 அடி வாங்குங்கள். 6 × 2 அங்குலப் பலகை எட்டரை அடி. M12 போல்ட் 8, வாஷர் 16. மென்மரத்தில் செய்தாலே மொத்தம் 57 கிலோ வரும். கனமான மரமானால் 75 கிலோவை நெருங்கும். இந்த எடைதான் பாதி வேலையைச் செய்கிறது. அதோடு நெட்டுச் சட்டங்கள்மேல் பலகை அடுக்கி, கருவிப் பெட்டிகளை அங்கே வைத்தால் இன்னும் அசையாது.

கேள்வி: தளத்துக்குச் சட்டங்களை ஒட்டினேன். மூன்று இணைப்பு முனையில் வாய் திறந்துவிட்டது. மேற்பரப்பும் அலை அலையாக இருக்கிறது. இழைத்தால் ஒரு சட்டம் வழுவழுப்பாக வருகிறது, பக்கத்துச் சட்டம் சிலும்புகிறது. எங்கே தவறு?

மூன்று தவறுகள் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் பசை தொடுவதற்கு முன்பே நடந்தவை.

சிலும்பு வருவது நார் ஓட்டம் மாறியதால். ஒவ்வொரு சட்டத்தின் பக்க முகத்தையும் பாருங்கள், கோடுகள் ஒரு முனையை நோக்கி மேலேறிப் போகும். இழைப்புளி அந்தத் திசையில் போனால் சீவல் சுருளாக வரும், எதிர்த்துப் போனால் நாரைப் பிடுங்கும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சட்டத்திலும் அந்தத் திசைக்கு ஓர் அம்பு போட்டு, 13 அம்பும் ஒரே பக்கம் பார்க்க அடுக்குங்கள். கணு உள்ள முகம் கீழே போகட்டும். இப்போது ஒட்டி முடித்துவிட்ட தளத்துக்கு ஒரே வழி, இழைப்புளித் தகட்டைத் தீட்டி, சீவலை மிக மெல்லியதாக வைத்துக் குறுக்காக இழைப்பதுதான்.

வாய் திறந்தது, முகங்கள் நேராக இல்லாமல் கிளாம்பின் பலத்தால் சேர்த்ததால். பசை இல்லாமல் இரண்டு சட்டத்தைச் சேர்த்து வைத்து விளக்குக்கு எதிரே பாருங்கள். முனையில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே நாளைக்குத் திறக்கப் போகிறது. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் குற்றமில்லை, கிளாம்ப் அதை மூடும், முனைகள் இன்னும் நெருங்கி நிற்கும். ஒட்டும் முகத்தை அன்றே இழையுங்கள். மாதக்கணக்கில் காற்றுப்பட்ட முகத்தில் பசை நன்றாக ஊறாது.

அலை வந்தது அவசரத்தால். மரப்பசையில் தண்ணீர் இருக்கிறது. இணைப்பின் ஓரம் அந்த நீரைக் குடித்து உப்பி நிற்கும்போதே இழைத்துச் சமன் செய்தால், பிறகு அது காய்ந்து உள்ளே இறங்கிப் பள்ளமாகிவிடும். கிளாம்பை ஒரு நாள் கழித்து எடுங்கள், இன்னும் சில நாள் விட்டு இழையுங்கள்.

13 சட்டத்தையும் ஒரே மூச்சில் ஒட்ட முயலாதீர்கள். பசை தடவி ஐந்து பத்து நிமிடத்துக்குள் நெருக்கியாக வேண்டும், வெயில் காலத்தில் அதற்கும் குறைவு. 4, 4, 5 என்று மூன்று கட்டாக ஒட்டி, கட்டுகளின் ஓரத்தை மறுபடி நேராக இழைத்து, கடைசியில் மூன்றையும் சேருங்கள். இரண்டு முகத்திலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். நெருக்கும்போது ஓரம் நெடுக முத்து முத்தாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. வழிந்து ஓடினால் அதிகம், பிதுங்கவே இல்லையென்றால் பட்டினி இணைப்பு. பிதுங்கியதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது பசையைக் கரைத்து மரத்துக்குள் ஏற்றிவிடும். ரப்பர்போல் ஆனதும் உளியால் சுரண்டினால் பட்டையாக உரிந்து வரும். 200 முதல் 250 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப், மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி. எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் தளம் வில்லாக வளையும்.

எட்டு ஒன்பது கிளாம்ப் இல்லையென்றால் ஆப்பு இருக்கிறது. தடித்த கட்டை ஒன்றில், ஒட்டப்போகும் அகலத்தைவிட 40 மி.மீ. தள்ளி இரண்டு முட்டுக்கட்டைகளை உறுதியாக அடியுங்கள். ஒட்ட வேண்டிய சட்டங்களை நடுவே வைத்து, மீந்த இடத்தில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகி மாற்றி மாற்றித் தட்டினால், இரும்புக் கிளாம்புக்குக் குறையாத அழுத்தம் வரும். இப்படி நான்கைந்து கட்டைகள் செய்துகொண்டால் போதும், மீதியை இருக்கும் கிளாம்பால் நிரப்பலாம்.

கேள்வி: தளத்தைக் கீழிருந்து எல்லாப் பக்கமும் இறுக்கமாக ஸ்குரூ போட்டுப் பிடித்தேன். கோடை முடிவதற்குள் நடுவில் நீளமாக வெடித்துவிட்டது. மரம் சரியில்லையா?

மரம் சரிதான். அதை அசைய விடவில்லை. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட மாறாது. அகலவாக்கில், காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். 585 மி.மீ. அகலத் தளம், ஈரம் 4 சதவீதம் மாறினால் வெட்டப்பட்ட விதத்தைப் பொறுத்து 3 முதல் 6 மி.மீ. வரை நகரும். அடியிலுள்ள குறுக்குச் சட்டம் அதே திசையில் நகராது. இரண்டையும் இறுக்கிவிட்டால் பலவீனமான கோட்டில் தளம் பிளக்கும்.

மேல் குறுக்குச் சட்டத்தில், முன்விளிம்புக்கு அருகே உள்ள துளை மட்டும் வட்டமாக இருக்கட்டும். நடுவிலும் பின்னாலும் உள்ள துளைகளைக் குறுக்குச் சட்டத்தின் நீளவாக்கில் 10 மி.மீ. கூடுதலாக நீட்டி விடுங்கள். ஸ்குரூ தலைக்கு அடியில் வாஷர் வைத்து, இறுக்கியபின் கால் சுற்றுத் தளர்த்துங்கள். 8 மி.மீ. கனம், 110 மி.மீ. நீளமுள்ள, ஸ்பேனரால் முறுக்கும் ஸ்குரூ பக்கத்துக்கு மூன்று போதும். தளத்தைக் குறுக்குச் சட்டத்தோடு பசை வைத்து ஒட்டவே கூடாது. முன்விளிம்பு நிலையாக நிற்க, அசைவெல்லாம் பின்பக்கம் போகும். அதனால் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வெடித்த தளத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்குரூவை எல்லாம் கழற்றி, வெடிப்புக் கோட்டிலேயே நெடுக அறுத்து, முகத்தை இழைத்து மறுபடி ஒட்டுங்கள். அகலத்தில் சில மி.மீ. குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: மரத்துக்குப் பதில் ப்ளைவுட் தளம் போடலாமா?

தாராளமாக. 18 மி.மீ. தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். அது விரிந்து சுருங்காது, மேலே சொன்ன நீள்துளைத் தொல்லை இல்லை. ஆனால் இழைத்துச் சமன் செய்ய முடியாது, ஆகவே அடிச்சட்டகமே மட்டமாக இருந்தாக வேண்டும். எடையும் குறைவு. கால்களுக்கு இடையே தளத்துக்கு அடியில் ஒரு நெட்டுச் சட்டம் கூடுதலாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் உளி அடிக்கும்போது துள்ளும். முன்விளிம்பில் ஒரு மரச்சட்டம் ஒட்டிவிட்டால் அடுக்குகள் பிய்யாது.

கேள்வி: கொட்டகைத் தரை மேடு பள்ளம். மழைக்காலத்தில் ஈரமும் கசிகிறது. கறையான் பயமும் உண்டு.

கால்முனை என்பது வெட்டுமுகம். வைக்கோல் கட்டுபோல் நீரை மேலே இழுக்கும். காலின் அடிமுகத்தில் எப்பாக்ஸி இரண்டு பூச்சு பூசி, அடியில் 10 மி.மீ. கன ரப்பர் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். மண் தரையானால் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கல்பலகை. சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். காற்றும் போகும், கறையான் மண்குழாய் கட்டி ஏறினால் கண்ணிலும் படும். போரான் மருந்து உலர்ந்த மரத்தைப் பூச்சியிலிருந்து நன்றாகக் காக்கும். ஆனால் ஈரம் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே மருந்து அடித்துவிட்டோம் என்று காலை ஈரத்தில் நிறுத்தக் கூடாது.

மேடு பள்ளத்துக்கு: மேசையை அதன் இடத்தில் வைத்து, தளத்தின்மேல் ரசமட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டே காலுக்கு அடியில் மெல்லிய ஆப்புகளைச் செருகி மட்டம் செய்யுங்கள். எந்தக் காலுக்கு அடியில் இடைவெளி அதிகமோ அந்த உயரத்துக்கு ஒரு சிறு கட்டை வெட்டி, அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டில் அறுத்தால் நான்கு காலும் தரையில் பதியும். இதில் உயரம் சற்றுக் குறையும், முன்கூட்டியே 15 மி.மீ. கூடுதலாக வைத்துக் காலை வெட்டுங்கள்.

கேள்வி: வைஸ் எங்கே மாட்டுவது? வலக்கைப் பழக்கம். மாட்டிய வைஸ் பலகையைப் பிடிக்கும்போது தாடை சாய்கிறது.

வலக்கைக்காரருக்கு இடது முனை. வைஸ் என்பது பலகையைத் தாடைகளுக்கிடையே நெருக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி. 7 அங்குல வைஸ் பெரும்பாலான வேலைக்குப் போதும். முதலில் வைஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு காலின் இடத்தைத் தீர்மானியுங்கள். அதன் தண்டுகள் தளத்துக்கு அடியில் பின்னோக்கி ஓடும். மேல் குறுக்குச் சட்டம் குறுக்கே வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இடக்காலை ஒட்டி அதன் உட்பக்கத்தில் மாட்டினால், பாரம் நேராகக் காலில் இறங்கும்.

இரும்புத் தாடையின் மேல்விளிம்பு தளத்துக்கு 12 மி.மீ. கீழே இருக்கட்டும். இழைப்புளித் தகடு எப்போதாவது வழுக்கினால் இரும்பில் படக் கூடாது. அதற்கேற்ற கனத்தில் தளத்துக்கும் வைஸுக்கும் இடையே கட்டை வையுங்கள். உள்தாடை தளத்தின் முன்விளிம்போடு சமமாகப் பதிய வேண்டும். இரண்டு தாடைக்கும் 20 மி.மீ. மரத்தகடு, தள மட்டம் வரை. 10 மி.மீ. கன ஸ்குரூ நான்கு, 7 மி.மீ. முன்துளை போட்டு.

தாடை சாய்வது பெரும்பாலும் பலகையை ஒரே ஓரத்தில் பிடிப்பதால். மறு ஓரத்தில் அதே கனமுள்ள துண்டொன்றைச் செருகிப் பிடியுங்கள். அப்படியும் மேல்பக்கம் வாய் திறந்தால், வெளித்தாடையின் மரத்தகட்டை மேல்விளிம்பு ஒரு மி.மீ. கூடுதல் கனமாக இருக்கும்படி சரித்து இழைத்து மாட்டுங்கள்.

இன்னொன்று. இப்படி முன்னால் மாட்டிய வைஸின் முட்டு (வெளித்தாடையிலிருந்து தள மட்டத்துக்கு மேல் எழும்பும் துண்டு), பலகையை மேசையின் அகலவாக்கில்தான் நெருக்கும். அதனால் தளத்தில் எதிர்முட்டைச் செருகும் துளைகளை வைஸிலிருந்து பின்னோக்கி, 100 மி.மீ. இடைவெளியில், 19 மி.மீ. விட்டத்தில் போடுங்கள். நீண்ட பலகையை இழைக்க வைஸே வேண்டாம். தளத்தின் இடது முனையில், பலகையைவிட மெல்லிய ஒரு முட்டுக்கட்டையைப் பொருத்தி, அதில் முட்ட வைத்துத் தள்ளினால் போதும்.

கேள்வி: வார்னிஷ் அடிக்கலாமா?

வேண்டாம். பலகை வழுக்கும், உளி பட்ட இடத்தில் செதில் செதிலாகப் பெயரும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு இரண்டாம் பூச்சு. தளத்தின் அடிமுகத்துக்கும் அதே அளவு பூசுங்கள். ஒரு முகம் மட்டும் ஈரத்தை இழுத்தால் தளம் குழிவாகும்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மரத்தூள் நிறைந்த கொட்டகையில் இது விளையாட்டல்ல. துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள்.

கேள்வி: உளி அடிக்கும்போது மட்டும் மேசை அதிர்கிறது.

காலுக்கு நேர்மேலே வைத்து அடியுங்கள்.

கேள்வி: கொட்டகை வாசல் 30 அங்குலம்தான். வெளியே செய்த மேசை உள்ளே போகுமா?

போகும். நெட்டுச் சட்டங்களுக்குப் பசை வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் இதுதான். தளம், இரண்டு பக்கச் சட்டகம், இரண்டு நெட்டுச் சட்டம் என்று ஐந்து துண்டாகப் பிரியும். 585 மி.மீ. தளத்தை ஒருச்சாய்த்துப் பிடித்தால் வாசல் தாராளம். மென்மரத் தளமே 37 கிலோ, இருவர் வேண்டும். உள்ளே பக்கச் சட்டகங்களை நிறுத்தி, நெட்டுச் சட்டங்களைக் கோத்து, போல்ட்டைக் கை இறுக்கத்தில் மட்டும் விடுங்கள். தளத்தை ஏற்றி, மூலைமட்டம் வைத்துக் கால்கள் செங்குத்தா என்று பார்த்து, அதன்பிறகு ஸ்பேனர் போடுங்கள்.

தளத்தைக் கடைசியாக இழைத்துச் சமன் செய்யும் வேலையும், எண்ணெய்ப் பூச்சும் இதற்கு அப்புறம்தான், மேசை தன் இடத்தில் நின்ற பிறகு. நேரான இரண்டு சட்டத் துண்டுகளைத் தளத்தின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால் தளத்தில் முறுக்கு இருக்கிறது. உயர்ந்து தெரியும் இரண்டு மூலைகளையும் முதலில் குறுக்காக இழைத்து இறக்குங்கள். பிறகு கோணலாக, கடைசியில் நீளவாக்கில். மட்டப்பலகையை எங்கே வைத்தாலும் அடியில் அரை மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். அதன் மணல் மரத்தில் தங்கி, பிறகு நீங்கள் இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும் ஒட்டிக்கொண்டு தகட்டின் கூரை மழுக்கும்.